துப்பாக்கி முழக்கமும் செவிக் காப்பும்



கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்றிலிருந்து தந்தை, மகள், பாட்டனார் ஆகிய மூவரும் நம்மைக் காண வந்தனர். மகள் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருப்பவள். துப்பாக்கி பிடிக்கும்போது அவளது கை நடுங்காமல் நிற்பதைக் கண்ட பயிற்சியாளர், போட்டிப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் முதல் நாள் பயிற்சி முடிந்து வீடு திரும்பியவளுக்கு இரண்டு நாள்கள் காதுக்குள் இரைச்சல் ஓயவில்லை. தாய் அடுக்களையிலிருந்து கூப்பிட்டது கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல்போல் கேட்டதாம். செய்தி அறிந்த தாய்மாமன், கனடாவில் ஆண்டுதோறும் மான் வேட்டைக்குச் செல்பவர், "காதுக்கு ஒரு கவசம் அனுப்புகிறேன். எது வேண்டும் என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

பாட்டனாருக்கு இது பிடிக்கவில்லை. "இருபது வருடம் தரைப்படையில் இருந்தேன் சாமி. 7.62 ரைபிளை எத்தனை ஆயிரம் தடவை சுட்டிருப்பேன்! காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்" என்றார். நாம் அதற்கு ஏதோ மறுமொழி சொன்னோம். அவர் வலச்செவியை நம் பக்கம் திருப்பி, அதன் பின்னே கையைக் குவித்து, "என்ன சொன்னீர்கள் சாமி?" என்று கேட்டார். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ஒரு கேள்வியே இம்மாதக் கட்டுரைக்குப் போதிய காரணமாயிற்று. நாம் படைவீரரும் அல்லோம், மருத்துவரும் அல்லோம். எனினும் செவி மந்தமான முதியோர்க்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கும்போது, இரகசியமாய்ச் சொல்ல வேண்டியதைக் கோவில் முழுதும் கேட்கும்படி சொல்ல நேரும் சங்கடத்தை நன்கு அறிவோம். ஆதலின் மருத்துவர் ஒருவரையும் பயிற்சியாளர் ஒருவரையும் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

செவிக்குள் நிகழ்வது என்ன?

காதின் ஆழத்தில் நத்தை ஓட்டைப்போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. ஒலி வரும்போது, காற்றில் நெற்பயிர் அசைவதுபோல் இவை அசைகின்றன. அந்த அசைவே நரம்பின் வழியாக மூளையைச் சேர்ந்து, நமக்குப் பேச்சாகவும் பாட்டாகவும் தெரிகிறது. மிதமான காற்றில் சாய்ந்த பயிர் பொழுது விடிந்தால் நிமிர்ந்துவிடும். புயலில் முறிந்தது நிமிராது. அதுபோலவே பேரொலியால் தளர்ந்த அணுக்கள் சில நாள்களில் தேறலாம்; அழிந்தவை அழிந்தவையே. கோழி முதலிய பறவைகளுக்கு இவ்வணுக்கள் மீண்டும் முளைக்கின்றன என்பதை 1980-களில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மனிதருக்கு அந்தப் பேறு இல்லை. பிறக்கும்போது பெற்றதைக் கொண்டே இறுதிவரை கேட்டாக வேண்டும்.

"இரைச்சல்தான் இரண்டு நாளில் நின்றுவிட்டதே" என்று அந்தத் தந்தை ஆறுதல் அடைந்திருந்தார். அவ்வாறு ஆறுதல் கொள்வதற்கில்லை. 2009-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பேரொலிக்கு ஆட்பட்ட எலிகளின் கேட்புத்திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரும், மயிரணுக்களை நரம்போடு இணைக்கும் சந்திகள் பல அழிந்திருக்கக் கண்டனர். இரைச்சல் என்பது செவி நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அது நின்றுவிட்டால் சேதம் இல்லை என்று பொருளாகாது.

பேரொலி எழும்போது நடுச்செவியிலுள்ள ஒரு சிறு தசை இறுகி உட்செவியைக் காக்க முயல்கிறது. இயற்கை அமைத்த காவல் அது. ஆனால் அந்தக் காவலன் எழுந்து வருவதற்குள் துப்பாக்கியின் முழக்கம் உள்ளே புகுந்து வெளியேறிவிடுகிறது. வேட்டொலியின் உச்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில கூறுகளே நீடிப்பதால் இந்த இயற்கைக் காப்பு அதற்குப் பயன்படுவதில்லை.

முதலில் இழக்கப்படுவது 4,000 ஹெர்ட்ஸ் அளவையொட்டிய உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது. அது எளிதில் கேட்கும். சகரம் போன்ற மெல்லிய உரசொலிகள் உயர்ந்தவை. அவைதான் முதலில் மங்கும். 'பாசம்' என்றதும் 'பாதம்' என்றதும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே, "பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது வெறும் சாக்கு அன்று. குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் அவர்களைவிட்டு முதலில் விலகிச் செல்கின்றன.

பாட்டனார் ஏன் வலச்செவியைத் திருப்பினார் என்பதற்கும் காரணம் உண்டு. வலக்கைக்காரர் ரைபிளைத் தோளில் ஏந்தும்போது அவருடைய இடச்செவி குழல் முனையை நோக்கி இருக்கிறது. வலச்செவி தலையின் மறைவில் ஒதுங்குகிறது. எனவே நீண்ட குழல் துப்பாக்கியைப் பல்லாண்டு கையாண்டவர்களுக்கு இடச்செவியே மிகுதியாகக் கெடுவதை மருத்துவர்கள் காண்கின்றனர்.

"காது பழகிவிடும்" என்பதும் தவறு. 1886-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் செவிகளைச் சோதித்தார். அவர்களுள் பெரும்பாலோர் பொதுக்கூட்டத்தில் பேசப்படுவதைக் கேட்கத் தடுமாறுபவராய் இருந்தனர். செவி பழகுவதில்லை; செத்துப்போகிறது. இன்றும் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஈட்டுத்தொகை பெறும் குறைபாடுகளுள் காதிரைச்சலே எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கிறது.

முழக்கத்தின் அளவு

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிக்கின்றனர். இரண்டு பேர் அமர்ந்து பேசுவது ஏறத்தாழ 60 டெசிபல். இந்த அளவு நம் தராசுக் கணக்கைப் போன்றது அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. 88 டெசிபலில் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம் என்று அது குறைந்துகொண்டே போகிறது.

துப்பாக்கிக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது. காப்பற்ற செவிக்கு 140 டெசிபல் உச்சத்தை எல்லையாக வைத்திருக்கின்றனர். மாணவர் படையில் பயன்படும் .22 ரைபிள்கூட அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது. வேட்டை ரைபிள்களும் 12 போர் துப்பாக்கிகளும் 150, 160 என்று அதைக் கடந்துவிடுகின்றன. காப்பில்லாத செவிக்கு அருகே வெடித்த ஒரே ஒரு குண்டு வாழ்நாள் குறையை விளைவிக்கக்கூடும். "வேட்டைக்குப் போனால் ஒரு தடவைதானே சுடுகிறோம்" என்று கனடா மாமன் சொல்வாராயின், அவருக்கும் இதுவே விடை.

காப்புகளின் வகை

முதலாவது, 'இயர் பிளக்' என்று கேட்டால் மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரைச் செவியடைப்பு. 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இது விலையில் மிகச் சிறியது. சரியாக வைத்தால் காப்பில் எதற்கும் இளைத்ததன்று. ரப்பர் போன்ற பொருளில் படிப்படியாய் விரியும் குடைபோல் செய்யப்பட்டு, கழுவிக் கழுவிப் பயன்படுத்தத்தக்க அடைப்புகளும் உண்டு. பஞ்சை இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டா. பஞ்சு காதை மறைக்குமேயன்றி ஒலியை மறைக்காது.

இரண்டாவது, காது முழுவதையும் மூடும் 'இயர் மஃப்' என்னும் கிண்ணக் காப்பு. அணிவதும் கழற்றுவதும் எளிது; சிறுவர்க்கும் ஏற்றது. ஆனால் கிண்ணத்தின் மெத்தை தோலோடு ஒட்டி நிற்கவேண்டும். கண்ணாடியின் கம்பி, அடர்ந்த கூந்தல், தாடி, தோடு, ஜிமிக்கி ஆகிய யாவும் அந்த ஒட்டுதலைக் கெடுத்துச் சிறு சந்து உண்டாக்கும். அச்சந்து வழியே முழக்கம் நுழைந்துவிடும். நம் பெண்கள் தோட்டைக் கழற்றிவிட்டு, கூந்தலைப் பின்னே ஒதுக்கிய பின்பே இதை அணிய வேண்டும். குளிர்நாட்டில் இருப்போர் கம்பளிக் குல்லாயின் மேல் இதை அணிவதும் அதே தவறு. மேலும் கிண்ணம் பருமனாயிருந்தால் ரைபிளின் கட்டையில் கன்னம் சாயும்போது இடித்து விலகும். தோளில் ஏந்திச் சுடுவோர் மெலிந்த கிண்ணம் உடையதையே தேர வேண்டும்.

மூன்றாவது, மின்னணுக் கிண்ணக் காப்பு. வெளியே சிறு ஒலிவாங்கிகளும் உள்ளே ஒலிபெருக்கியும் உடையது. மெல்லிய ஓசையைப் பெரிதாக்கித் தரும். பேரொலி எழுந்தால் அதை உள்ளே விடாது. சருகின் சலசலப்பையும் உடன் வந்தவரின் குரலையும் கேட்டாக வேண்டிய வேட்டைக்காரருக்கு இது மிகவும் ஏற்றது. காதை முழுதும் அடைத்துக்கொண்டால் எதுவும் கேட்காது என்று அஞ்சியே வேட்டைக்காரர் பலர் காப்பை வெறுக்கின்றனர். அந்தச் சாக்கு இப்போது செல்லாது. மின்கலம் தீர்ந்தாலும் சாதாரணக் கிண்ணமாகக் காக்கும்.

துப்பாக்கியின் வாயில் பொருத்தும் ஒலியடக்கியைப் பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் பலர் பயன்படுத்துகின்றனர். ஒலி வெகுவாய்க் குறையும். ஆனால் ஒலியைவிட விரைந்து செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசை எஞ்சி நிற்கும். ஆதலின் அதுவும் செவிக் காப்புக்கு மாற்று ஆகாது.

பெட்டியின் மேல் உள்ள எண்

வெளிநாட்டுப் பெட்டிகளில் என்.ஆர்.ஆர். என்றும் எஸ்.என்.ஆர். என்றும் ஓர் எண் இருக்கும். முன்னது 1979 முதல் அமெரிக்காவில் கட்டாயமான முத்திரை. பின்னது ஐரோப்பிய அளவு. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது. நுரை அடைப்புக்கு என்.ஆர்.ஆர். 33 வரை இருக்கும். கிண்ணங்களுக்கு 20 முதல் 31 வரை காணலாம். இவ்வெண்கள் ஆய்வுக்கூடத்தில், முறையறிந்தவர் மேற்பார்வையில் அணிவித்துப் பெற்றவை. நம் வீட்டில் நாமே அணியும்போது அவ்வளவு கிட்டாது. கிண்ணத்தின் எண்ணில் கால் பங்கையும், நுரை அடைப்பின் எண்ணில் பாதியையும் தள்ளிவிட்டே கணக்கிட வேண்டும் என்று மேற்சொன்ன ஆய்வு நிறுவனமே அறிவுறுத்தியிருக்கிறது. 33 என்று இருந்தால் 16 அல்லது 17 என்று கொள்வது பாதுகாப்பு.

அடைப்பும் கிண்ணமும் சேர்த்து அணிந்தால் இரண்டு எண்களும் கூடிவிடும் என்று எண்ண வேண்டா. பெரிய எண்ணோடு 5 டெசிபல் அளவே கூடும். அது சிறிது என்று தோன்றினாலும், ஒன்று நழுவினால் மற்றொன்று காக்கும் என்பதே அதன் பெரும் பயன். எவ்வளவு அடைத்தாலும் மண்டை எலும்பின் வழியாகவும் ஒலி உட்செவியை அடைகிறது. ஆதலின் முழு அமைதி என்பது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

எண்ணைவிட முதன்மையானது, காதில் சரியாகப் பொருந்துதல். இதற்கு ஒரு சான்று கூறுவோம். த்ரீ எம் என்னும் பெரும் நிறுவனம் விற்ற இருமுனைச் செவியடைப்பை அமெரிக்கப் படைவீரர்கள் பல்லாண்டு அணிந்தனர். அது நீளம் குறைந்து, காதில் நில்லாமல் நெகிழ்ந்துபோயிற்று என்று கூறி இலட்சக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் 2023-இல் ஏறத்தாழ 600 கோடி டாலர் தந்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள இசைந்தது. அணிந்தவர்கள் காப்பு இருக்கிறது என்று நம்பினார்கள் என்பதுதான் இதில் நம் நெஞ்சைத் தொடுவது. நழுவும் காப்பு, காப்பின்மையை விடவும் ஏமாற்றுவது.

ஆகவே நுரை அடைப்பை வைக்கும் முறையை ஒருமுறை பொறுமையாய்க் கற்றுக்கொள்ளுங்கள். கைகளைக் கழுவுக. அடைப்பை விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய திரிபோல் ஆக்குக. மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க. காதுக் குழல் நேராகும். உடனே அடைப்பை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை, ஏறத்தாழ அரை நிமிடம், விரலால் தாங்குக. பின்னர் பேசிப் பாருங்கள்; சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கனத்துக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. பாதி வெளியே துருத்தி நின்றால் எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். சீழ் வடியும் காதில் மருத்துவரைக் கேளாமல் எதையும் வைக்கலாகாது. ஒருவர் வைத்ததை மற்றவர் வைக்கவும் கூடாது.

யாருக்கு எது?

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் ஓசை சிறியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றது இந்தப் பிரிவில்தான். இங்கே நுரை அடைப்பு ஒன்றே போதும். மனம் சிதறாமல் இருக்கவும் உதவும். அதே ஒலிம்பிக்கில் துருக்கி நாட்டு யூசுப் டிகெச், சிறு செவியடைப்புகளும் அன்றாடக் கண்ணாடியுமாய் நின்று காற்றுக் கைத்துப்பாக்கிக் கலப்புப் பிரிவில் வெள்ளி வென்ற படத்தை நம் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள்.

.22 ரைபிள் சுடுவோர், திறந்த வெளியாயின் நன்கு பொருந்திய அடைப்போ கிண்ணமோ அணியலாம். கூரையும் சுவரும் உள்ள இடமாயின் ஓசை மோதித் திரும்புமாதலால் இரண்டையும் சேர்த்து அணிக. பறக்கும் தட்டுகளைச் சுடும் 'டிராப்' போட்டியில், புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிசில் போட்டியிட்ட பிரிவு அது, தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகள். தட்டுக்கு இரண்டு குண்டுவரை சுடலாம். 12 போர் துப்பாக்கியின் முழக்கம் அத்தனை முறை செவியில் மோதும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கும் வேட்டை ரைபிள் ஏந்துவோருக்கும் இரட்டைக் காப்பே அறிவுடைமை.

கனடாவிலிருந்து எதையும் வாங்கி அனுப்புமுன் ஒன்றைக் கவனிக்க. பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள், ஒலியை வாங்கித் தரும் கருவி பொருந்திய காப்பைப் போட்டியாளர் அணிவதைத் தடுக்கின்றன. ஆகவே விலையுயர்ந்த மின்னணுக் கிண்ணம் போட்டியில் நம் பெண்ணுக்குப் பயன்படாது. அதை மாமன் தம் வேட்டைக்கே வைத்துக்கொள்ளட்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டையைத் தடுத்துவிட்ட நம் நாட்டில், அவ்வகைக் காப்பு பயிற்சியாளர்களுக்கே மிகவும் தேவை. அவர்கள் மாணவரோடு பேசியாகவும் வேண்டும், செவியைக் காத்தாகவும் வேண்டும். சுடுவோர் மட்டுமன்றி அருகில் நிற்போர், மதிப்பெண் குறிப்போர், வேடிக்கை பார்க்க வந்த தம்பி தங்கையர் யாவரும் அணிய வேண்டும். காதை அடைத்தவருக்குக் கட்டளை கேளாமற்போகலாமாதலால், "சுடாதே, நிறுத்து" என்பதற்குக் கைச்சாடையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது உயிருக்கே காப்பு.

சுட்ட பின் இரைச்சலோ மந்தமோ ஒரு நாளைக் கடந்தும் நீடித்தால் காது மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு செவி திடீரென்று கேளாமற்போனால் அன்றைக்கே செல்லுங்கள். சிகிச்சை பயன்படும் காலம் குறுகியது. பயிற்சி தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்வது நலம்.

நம் தவற்றையும் சொல்லிவிடுகிறோம். நம் பங்கின் திருவிழாவில் அதிர்வேட்டு இல்லாமல் கொடியேறியதில்லை. நான்கு மீட்டர் தொலைவில் 145 டெசிபல் உச்சத்தைக் கடக்கும் பட்டாசை நம் நாட்டு விதிகள் தடுக்கின்றன. அதாவது விதிக்கு உட்பட்ட வேட்டே 140 என்னும் எல்லையைத் தாண்டக்கூடும். அந்த வேட்டுக்குப் பக்கத்தில் பாலர்களை முன்வரிசையில் நிறுத்தி மகிழ்ந்தவர் நாமே. வரும் திருவிழாவிற்கு வேட்டு வைக்கும் இடத்தைக் கோவிலுக்கு அப்பாலுள்ள வெற்றிடத்திற்கு மாற்றவும், கயிறு கட்டி மக்களைத் தொலைவில் நிறுத்தவும் பங்குப் பேரவையில் முடிவு செய்திருக்கிறோம்.

அந்தக் குடும்பத்தின் செய்தியைச் சொல்லி முடிப்போம். பேத்தியைச் சோதனைக்கு அழைத்துச் சென்ற தந்தை, பாட்டனாரையும் வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றார். மருத்துவர் இரண்டு வரைபடங்களை மேசைமேல் அருகருகே வைத்தாராம். பேத்தியின் கோடு மேலே மட்டமாய் ஓடிற்று. பாட்டனாரின் கோடு பாதி வழியில் கிணற்றுப் படிபோல் கீழே இறங்கிற்று. இடச்செவியின் கோடு இன்னும் ஆழத்தில். அவர் அவற்றை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை எனக்கு அப்போது யாரும் காட்டவில்லையே" என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது சனிக்கிழமைகளில் பேத்தி பயிற்சிக்குப் புறப்படும்போது, நுரை அடைப்பு இரண்டையும் எண்ணிப் பையில் போடுபவர் அவர்தாம். "பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கிறதா?" என்று வாசலில் நின்று கேட்கிறாராம். அவள் பதில் சொல்வது அவருக்குக் கேட்பதில்லை. தலையசைப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாராம்.